சிவப்பு மூலை, நீல மூலை, நடுவில் நான்

போன மாதம் எங்கள் பழைய கம்பனியில் நடுவர்மாருக்கெல்லாம் காதுக்குள் வைக்கிற சின்னக் கருவி ஒன்று கொடுத்திருக்கிறார்களாம். திரைக்குப் பின்னால் ஒருவர் ரீவியைப் பார்த்தபடி இருந்து, இப்போது எண்ணு, இப்போது எழும்பு, இப்போது நிறுத்து என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ரிங்குக்குள் நிற்கிறவர் கேட்டு நடந்தால் போதும். என்னோடு வேலை செய்த இரண்டொருவர் ஃபோன் எடுத்து, இது இல்லாமல் அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தாய் என்று கேட்டார்கள். அந்தக் காலம் என்கிறது போன வருஷத்தை! ஏதோ நான் மாட்டுவண்டி ஓட்டியவன் மாதிரி. எனக்குக் கோபம் ஏறிவிட்டது. ஃபோனில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதுகிறேன், வாசியுங்கள் என்றேன். அவர்களில் ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. அது அவர்களுடைய பிரச்சினை.

நான் ரொறன்ரோவில் முப்பது வருஷத்துக்கு மேல் ரெஸ்லிங் நடுவராக இருந்தவன். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சேட்டு மாட்டிக்கொண்டு, இரண்டு மலைகளுக்கு நடுவில் ஓடித் திரிகிற அந்த மெலிந்த ஆள் நான்தான். எங்கள் சனத்தில் இந்த வேலை செய்த வேறொருவரை நான் கண்டதில்லை. இருந்தால் வந்து சொல்லட்டும். கலியாண வீடு, செத்த வீடு, எங்கே போனாலும் யாராவது தோளில் தட்டி, "அண்ணை, உது முழுக்கப் பொய்தானே?" என்று கேட்பார்கள். ஓம், யார் வெல்வது என்பது முன்னமே பேசி முடித்த விஷயம்தான். அதை நான் ஒளிக்கவில்லை. ஆனால் அவ்வளவு பெரிய மனுசனைத் தலைக்கு மேலால் தூக்கிப் போடும்போது கீழே இருக்கிற பலகை பேசி வைத்தபடி இளகிக் கொடுக்காது. விழுந்தால் விழுந்ததுதான். விழுந்தவர் எழும்பலாமா கூடாதா என்று முதலில் அறிகிறவர் நடுவர். டொக்டருக்கும் முன்னம் அறிகிறவர்.

வேலை பழகிய கதை சின்னது. வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அப்பார்ட்மென்றில் ஐந்தாறு பெடியள் ஒன்றாக இருந்தோம். கிழமை நாளில் பிளாஸ்ரிக் ஃபக்ரரி. சனி ஞாயிறில் ஒரு மண்டபத்தில் ரிங் பூட்ட ஆள் தேவை என்றார்கள். இரும்பும் பலகையும் தூக்கப் போனேன். ஒரு நாள் நடுவர் வரவில்லை. கம்பனியை நடத்திய பிராங்க் கைக்கு எட்டிய என்னைப் பிடித்துக் கோட்டுச் சேட்டை மாட்டிவிட்டார். பிறகு ஃபக்ரரியை விட்டேன், சேட்டை விடவில்லை. என் மனுசி இன்றைக்கும், "உங்களுக்குப் பிராங்க் மாட்டின சேட்டை இவ்வளவு காலமும் தோய்ச்சது நான்" என்று சொல்லிக் காட்டுவாள். அது நியாயமான முறைப்பாடு.

நான் சொல்ல வந்தது ஓய்வு பெற முந்திய இலையுதிர் காலத்தில் நடந்தது. யப்பானிலிருந்து இரண்டு ரெஸ்லிங் கம்பனிகள் ரொறன்ரோவுக்கு வந்து ஒரே மேடையில் மோதின. இரண்டும் ஒரு காலத்தில் ஒரே கம்பனி. கோபத்தில் பாதிப் பேர் பிரிந்து போய்ப் புதிதாக ஒன்று தொடங்கினார்கள். அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. மீண்டும் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி செய்தால் சனம் அள்ளுப்படும் என்று இரண்டு பகுதிக்கும் தெரியும். ஆனால் யாருடைய ஊரில், யாருடைய மண்டபத்தில் என்று முடிவெடுக்க முடியவில்லை. கடைசியில் இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஊர் என்று ரொறன்ரோவைப் பிடித்தார்கள். பழைய கம்பனிக்குச் சிவப்பு மூலை, பிரிந்து போனவர்களுக்கு நீல மூலை.

நடுவர் யார் என்பதில் அடுத்த இழுபறி. சிவப்பின் நடுவரை நீலம் நம்பாது; நீலத்தின் நடுவரைச் சிவப்பு நம்பாது. சின்னப் போட்டிகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கடைசிப் பெரிய போட்டிக்கு மட்டும் வெளி ஆள் வேண்டும். பிராங்க் என் பெயரைச் சொன்னார். என்னைப் பார்த்து முடிவு சொல்ல மியாகே வந்தார்.

மியாகே, கம்பனி உடைவதற்கு முன்னம் இருந்த தலைமை நடுவர். உடைந்தபோது இரண்டு பக்கமும் போகாமல் ஓய்வு எடுத்தவர். அதனால் இரண்டு பக்கமும் அவர் சொன்னால் கேட்கும். அன்றைய நிகழ்ச்சிக்கு அவர்தான் மேலதிகாரி. கட்டையான ஆள், சாம்பல் நிறக் கோட், கையில் எப்போதும் ஒரு சின்ன வெள்ளைத் துவாய். பேசும்போது துவாயை நாலாக மடிப்பார். மற்றவர் பேசும்போது விரிப்பார். இல்லை என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதேயில்லை. பிடிக்காவிட்டால் பல்லுக்கிடையால் ஸ்ஸ் என்று காற்றை உள்ளே இழுப்பார். அந்தச் சத்தம் கேட்டால் கதை முடிந்தது.

ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் இருக்கிற எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு அவரைக் கூட்டிப் போனேன். தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இரண்டு பக்கமும் உன்னோடு கோபித்தால் என்ன செய்வாய்?"

நான் சொன்னேன்: "எங்கட ஊர்ச்சங்கம் இஞ்ச ரெண்டாய் உடைஞ்சு கன காலம். கோடையில ரெண்டு பேரும் ஒரே பார்க்கில, ஒரே நாளில, ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டாய் ஒன்றுகூடல் வைப்பினம். நான் ரெண்டு பக்கமும் போய்ச் சாப்பிடுவன். ரெண்டு பக்கமும் என்னைத் திட்டும். எனக்கு அது பழக்கம்." ஆங்கிலத்தில்தான் சொன்னேன், ஆனால் சொன்ன விதம் இதுதான். மியாகே துவாயை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வேலை எனக்குத்தான் என்று விளங்கிவிட்டது.

சிரிப்பு அதோடு சரி. பிறகு வேலை. தோள் இரண்டும் தரையில் பட்டால் நடுவர் கன்வஸில் கையால் அடித்து மூன்று எண்ணுவார். சிவப்புக் கம்பனியின் எண்ணிக்கை ஆறுதலானது, நீலத்தின் எண்ணிக்கை வேகமானது. எந்த வேகத்தில் எண்ணினாலும் ஒரு பக்கம் குறை சொல்லும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகத்தை மியாகே கண்டுபிடித்து, அது என் கையில் படியும்வரை கடை மேசையில் அடிக்க வைத்தார். நான் அடிக்க, அவர் ஸ்ஸ் என்பார். திரும்ப அடிப்பேன். வடைத் தட்டு துள்ளுகிறது. கடைக்காரப் பிள்ளை ஓடி வந்து, "என்ன அங்கிள், கொத்துரொட்டி வரப் பிந்தினதுக்கு மேசையை உடைக்கிறியளோ?" என்று கேட்டாள். மியாகேக்கு அது விளங்கவில்லை. எழுந்து நின்று அவளிடம் மன்னிப்புக் கேட்டார்.

நடுவரின் வேலையில் சனம் காணாத பகுதி ஒன்று இருக்கிறது. நிகழ்ச்சிக்கு முன்னம் ரிங்கில் முழங்காலால் நடந்து பலகைப் பொருத்துகளைத் தடவிப் பார்க்க வேண்டும். கயிற்றில் முதுகைக் கொடுத்துத் தள்ளி, நாலு பக்கமும் ஒரே இழுவையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வீரர்களின் நகம், சப்பாத்து, மணிக்கட்டுச் சுற்று எல்லாம் பார்க்க வேண்டும். அதோடு கைச் சோதனை. ஒருவர் மோசமாக விழுந்தால் நடுவர் பக்கத்தில் குந்தி, எழும்பச் சொல்லி அதட்டுவது போல் நடித்தபடி அவருடைய கையைப் பிடித்து ஒருக்கால் அமத்துவார். அவர் திருப்பி அமத்தினால் சுகம் என்று அர்த்தம். அமத்தாவிட்டால் நடுவர் எழுந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடிப்பார். உண்மையில் காயம், டொக்டர் வரவேண்டும் என்பதுதான் அதன் பொருள். அதைப் பார்த்ததும் மணிக்காரர் மணி அடிக்க வேண்டும். மணி அடிக்காமல் டொக்டர் உள்ளே வர மாட்டார், அது ஒழுங்கு.

பெரிய போட்டியின் முடிவு முன்னமே பேசப்பட்டிருந்தது. சிவப்பின் முதல் வீரர் ஒகினோ, நீலத்தின் முதல் வீரர் செரிதா. இவர்களில் ஒருவர் தோற்றால் அவருடைய கம்பனியே தோற்ற மாதிரி. ஆகவே முப்பது நிமிடம் முழுக்க மோதுவது, நேரம் முடிந்ததும் சமநிலை. யாருக்கும் வெற்றி இல்லை, யாருக்கும் தலைகுனிவு இல்லை. இதைப் பேசி முடிக்கவே மாதக்கணக்கு ஆனதாம். ஒருவர் தொடர முடியாமல் போட்டி நின்றால் தொடர முடியாதவருக்குத் தோல்வி என்றும் இரண்டு பக்கமும் கைச்சாத்து வைத்திருந்தன. நடக்காது என்று நினைத்து வைத்த கைச்சாத்து. மியாகே என்னைத் தனியே கூப்பிட்டு, "முப்பது" என்றார். துவாயை மடித்தார். "எது நடந்தாலும் முப்பது" என்றார்.

சனிக்கிழமை பின்னேரம் மண்டபம் நிரம்பி வழிந்தது. உடுப்பு மாற்றும் அறைகள் இரண்டு அந்தத்தில். இரண்டு பக்க ஆட்களும் ஒருவரோடொருவர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை நான்தான் கொண்டு போய்க் கொண்டு வந்தேன். செரிதா சிரித்த முகம், நன்றாக ஆங்கிலம் பேசுவார். ஒகினோ பேசாமடந்தை. நகம் பார்க்கக் கையை நீட்டச் சொன்னால் நீட்டுவார், அவ்வளவுதான்.

மூன்றாவது போட்டியில் ஒரு விசர் வேலை நடந்தது. நீலத்தின் நடுவர் ஒருவர், கதைக்குச் சுவை சேர்க்கிறேன் என்று, பொய்க் காயத்துக்குக் கையைக் குறுக்காகத் தூக்கினார். மணி அடித்தது, ஸ்ட்ரெச்சர் வந்தது. டொக்டர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். காயப்பட்டவர் ஸ்ட்ரெச்சரிலிருந்து துள்ளி எழும்பி எதிரிக்கு அடித்தார். சனம் கூரை பறக்கக் கத்தியது. டொக்டரின் முகம் சிவந்து போனது. ரொறன்ரோ டொக்டர் அவர், இந்தக் கூத்தெல்லாம் அவருக்குப் புதிது. அந்தக் கையை விளையாட்டுக்குத் தூக்கக் கூடாது, ஐயா! கோவில் மணியை விளையாட்டுக்கு அடிப்பார்களா?

பெரிய போட்டி தொடங்கியது. என்ன சொல்ல, அப்படியொரு போட்டியை நான் வாழ்நாளில் நடத்தியதில்லை. நான் எண்ணிய எண்ணிக்கையில் ஒரு பக்கமும் குறை காணவில்லை. இருபது நிமிடம் கடந்தும் இரண்டு பேரும் சளைக்கவில்லை. பிறகு ஒகினோ செரிதாவைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத் தூக்கித் தலைக்கு மேலால் எறிந்தார். இரண்டு பேரும் வியர்வையில் குளித்திருந்தார்கள். பிடி வழுக்கியது. தோள் படவேண்டிய இடத்தில் செரிதாவின் கழுத்துப் பட்டது. பிழை ஒருவருடையதும் இல்லை.

எறிந்தவருக்குப் பின்னால் நடந்தது தெரியாது. ஒகினோ திட்டப்படி மூலைக் கம்பத்தில் ஏறத் தொடங்கிவிட்டார். அங்கிருந்து பாய்வார், செரிதா உருண்டு விலகுவார் என்பது ஏற்பாடு. நான் செரிதாவின் கையைப் பிடித்து அமத்தினேன். ஒன்றுமில்லை. மற்றக் கையைப் பிடித்தேன். விரல் இலேசாக அசைந்தது, இறுகவில்லை. அவர் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், "நிறுத்தாதே, தயவுசெய்து நிறுத்தாதே" என்றார்.

நான் எழுந்து கையைக் குறுக்காகத் தூக்கினேன். சனம் கைதட்டியது! மூன்றாவது போட்டியின் கூத்து திரும்பவும் வருகிறது என்று நினைத்தார்கள். டொக்டரைப் பார்த்தேன். ஒருக்கால் ஏமாந்த மனுசன் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார். மணிக்காரர் மியாகேயைப் பார்த்தார். மியாகே என் கண்ணைப் பார்த்தார். நான் நடிக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். அவர் மணிக்கூட்டைக் காட்டி ஆறு விரல் நீட்டினார். இன்னும் ஆறு நிமிடம். அசையாமல் கிடக்கட்டும், நேரம் ஓடட்டும், சமநிலை காப்பாற்றப்படும் என்பது அவர் கணக்கு. நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் பல்லுக்கிடையால் காற்றை இழுத்தார். அந்த இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. வாயைப் பார்த்து அறிந்தேன்.

திரும்பிப் பார்த்தால் ஒகினோ கம்பத்தின் உச்சியில் நிற்கிறார், கையை விரித்துப் பாயத் தயாராக. நான் யோசிக்கவில்லை. செரிதாவுக்கு மேல் குறுக்கே விழுந்து, அவருடைய தலையை என் இரண்டு முழங்கைகளுக்கும் நடுவில் அசையாமல் பிடித்துக்கொண்டேன். இந்தத் தொழிலில் நடுவர் செய்யவே கூடாத வேலை அது. வாயில் தமிழ்தான் வந்தது.

"குதிக்காதை! டேய், குதிச்சியெண்டால் இவன் செத்துப் போவான்ரா! இறங்கடா கீழ!"

ஒகினோவுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் அப்படி நடிக்கிற நடுவர் உலகத்தில் இல்லை என்று அவருக்குத் தெரியும். கம்பத்தால் இறங்கி வந்து முழங்காலில் இருந்தார். செரிதாவின் கையை என் கையால் தூக்கிக் காட்டினேன். அது சொத்தென்று விழுந்தது. ஒகினோவின் முகத்தில் இரத்தம் வற்றிப் போனது. "பெல்! போய் பெல்லை அடி!" என்று கத்தினேன். அவர் கயிற்றுக்கு வெளியே பாய்ந்து, மணிக்காரரின் கையிலிருந்த சுத்தியலைப் பறித்துத் தானே மணியை அடித்தார். விடாமல் அடித்தார். அப்போதுதான் டொக்டர் ஓடி வந்தார்.

கழுத்துப் பட்டி போட்டு, பலகையில் கட்டி, செரிதாவைக் கொண்டு போனார்கள். மண்டபம் செத்த வீடு மாதிரி இருந்தது. மியாகே ரிங் ஓரத்துக்கு வந்து, "முடிவு?" என்று கேட்டார். சட்டம் ஒன்றுதான். "சிவப்பு" என்றேன். ஒகினோவின் கையைத் தூக்கப் போனேன். அவர் தரவில்லை. தலையைக் கவிழ்த்தபடி போய்விட்டார்.

அடுத்த நாள் காலை ஹோட்டலில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கழுத்தெலும்பில் வெடிப்பு, அசைக்காமல் கொண்டு வந்ததால் ஒப்பரேசன் தேவையில்லை, கைக்கு உணர்ச்சி திரும்புகிறது என்று அதற்குள் ஹொஸ்பிற்றலில் இருந்து செய்தி வந்துவிட்டது. எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டும், நீல முதலாளி ஆறு நிமிடம் பொறுத்திருக்கலாம் என்றார். சிவப்பு முதலாளி, கழுத்து முறிந்த மனுசனிடம் பறித்த வெற்றி எங்களுக்கு அவமானம், எங்கள் வீரனைக் கொண்டு மணி அடிப்பித்தாய் என்றார். முடிவைச் சமநிலை என்று மாற்றிச் சொல் என்று இரண்டு பேரும் கேட்டார்கள்.

"மாத்தேலாது" என்றேன் எடுத்த எடுப்பில். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்: "சமநிலை என்றால் முப்பது நிமிடம் ஓடியது என்று அர்த்தம். ஓடவில்லை. நான் நிறுத்தினேன். அதை மறைத்தால், நிறுத்தியது ஏதோ வெட்கக்கேடு என்று ஆகிவிடும்."

மியாகே துவாயை மடித்தார். "நான் உன் இடத்தில் நின்றிருந்தால் ஆறு நிமிடம் பொறுத்திருப்பேன்" என்றார். கோபமில்லாமல், நேர்மையாகச் சொன்னார். அதற்காக அந்த மனுசனை இன்றைக்கும் மதிக்கிறேன். ஆனால் அவர் சொன்னது பிழை. அதையும் அவருக்கு முகத்துக்கு நேரே சொன்னேன். கம்பனி உடைந்ததிலிருந்து ஒன்றிலும் ஒத்துப்போகாத இரண்டு பகுதியும் அன்றைக்கு ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது: இந்த ஆளை இனி யப்பானியர் ஒருவரும் கூப்பிடுவதில்லை. வீட்டுக்கு வந்து மனுசியிடம் சொன்னேன். "ரெண்டு பேரையும் ஒற்றுமையாக்கிப் போட்டு வந்திருக்கிறியள், சாப்பிடுங்கோ" என்றாள்.

சில நாள் கழித்து அவர்கள் திரும்பிப் போகிற அன்று ஹோட்டலுக்குப் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. செரிதாவைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று போனேன். லொபியில் சிவப்பு ஆட்கள் ஒரு கரையில், நீல ஆட்கள் மறுகரையில், பெட்டிகளோடு பஸ் வரும் என்று நின்றார்கள். என்னைக் கண்டதும் இரண்டு கரையும் முகத்தைத் திருப்பியது. மியாகே மட்டும் தலையசைத்தார்.

லிஃப்ற் திறந்தது. செரிதா வெளியே வந்தார். நாடியிலிருந்து நெஞ்சுவரை இறுக்கிய பட்டி. ஆனால் தன் இரண்டு காலால், யாரும் பிடிக்காமல் நடந்து வந்தார். சுகப்படும்வரை அவர் பிளேன் ஏறக்கூடாதாம், மற்றவர்களை வழியனுப்ப இறங்கியிருக்கிறார். என்னைக் கண்டதும் தன் ஆட்களை விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தார். முன்னால் நின்றார். கைகளைத் தொடையோடு ஒட்டினார். அந்த நாட்டுக்காரர் நன்றி சொல்வது எப்படி என்று தெரியும்தானே. குனிய வேண்டும். கழுத்தைக் கட்டியிருக்கிறது, முதுகை வளைக்கக் கூடாது என்று டொக்டர் கட்டளை. குனிய முயன்றார், முடியவில்லை. மீண்டும் முயன்றார். முகம் கோணிப் போனது. "வேண்டாம், வேண்டாம்" என்று நான் கையைக் காட்டினேன். அவர் கேட்கவில்லை. தன் முதலாளி பார்க்க, எல்லோரும் பார்க்க, குனியாமல் போகமாட்டேன் என்று அந்த மனுசன் அடம்பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அப்போது சிவப்புக் கரையிலிருந்து ஒகினோ புறப்பட்டார். அவருடைய முதலாளி ஏதோ அதட்டினார். ஒகினோ திரும்பிப் பார்க்கவில்லை. லொபியைக் குறுக்கே கடந்து வந்து செரிதாவுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் நின்றார். அவரிடம் இரண்டு சொல் சொன்னார். இத்தனை நாளில் அவர்கள் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அது. செரிதா சம்மதம் என்று கண்ணை மூடித் திறந்தார். ஒகினோ கைகளைத் தொடையோடு ஒட்டி, செரிதாவுக்காக, இடுப்பிலிருந்து மடிந்து எனக்கு முன்னால் குனிந்தார். அவ்வளவு பெரிய முதுகு நிலத்துக்குச் சமாந்தரமாக நின்றது. நிமிரவேயில்லை. பக்கத்தில் செரிதா நேராக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணீர் பட்டிக்குள் இறங்கியது. இரண்டு கரையிலும் ஒரு பெட்டிகூட அசையவில்லை.

எனக்கு முதுகுப் பிடிப்பு. குனிந்தால் நிமிர ஆள் வேண்டும். ஆனாலும் குனிந்தேன், ஒகினோவை விடக் கொஞ்சம் கூடவே குனிந்தேன். என்னை நிமிர்த்திவிட்டவர் மியாகே.